குருவிக்கூட்டுக்காகக் கண்ணைக் கொடுத்தவன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வலது கையில் வெல்டிங் ஹோல்டர். இடது கையில் ஒரு முழ நீள இரும்புப் பட்டை. தலையில் குருவிக்கூடு.

குருவிக்கூடு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நெற்றிக்கு மேலே முடியைச் சுருட்டி, கிரீம் தடவி, எழுப்பி நிறுத்துவது. முந்தின நாள் சிங்கப்பூர் கேம்பல் லேன் சலூனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுப்பியது அது. தலையணை வைக்காமல், கழுத்து விறைக்கப் படுத்திருந்து காப்பாற்றி வைத்திருந்தேன். காரணம் இருந்தது. அன்று சாயங்காலம் கேலாங்கில் நான் பெண் பார்க்கப் போக வேண்டும்.

எனக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே இரண்டு வீட்டில் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று அவர்கள் கேட்டதும், "கப்பல்ல துரு தட்டுறான்" என்று என் அத்தை உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிட்டாள். அதற்கு மேல் காபிகூட வரவில்லை. இந்த முறைதான் முதல் முறையாக "வெல்டர்" என்று சொல்லிக்கொள்ளப் போகிறோம். இதுவும் போனால் காவி கட்ட வேண்டியதுதான் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

தஞ்சோங் ரூவில் ஆற்றோரம் எங்கள் கப்பல் பட்டறை. ஒரு கப்பல் திங்கட்கிழமை கிளம்பியாக வேண்டும் என்று ஞாயிறு அரைநாள் வரச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த வேலை ஓர் இரும்பு ஏணி. பதினாறு படி. இணைப்பு நெடுக வெல்டிங் செய்து முழுத் தையல் போடுவதற்கு முன்னால், படி நகராமல் இருக்க இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு சூடு வைத்து ஒட்ட வேண்டும். அதைப் பொட்டு வைப்பது என்போம்.

பொட்டு வைக்க ஒரு கை படியைப் பிடிக்கும், ஒரு கை ஹோல்டரைப் பிடிக்கும். கைப்பிடி வைத்த கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஆண்டவன் எனக்கு அதைக் கொடுக்கவில்லை. தலையில் மாட்டும் முகமூடி ஒன்று இருந்தது. அதன் தோல் பட்டை சரியாகக் குருவிக்கூட்டின் மேல்தான் உட்காரும்.

முகமூடியைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற லாரியின் கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன். சே, எவ்வளவு அழகு! கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொட்டு வைத்தால் போகிறது என்று முடிவு செய்தேன்.

என் வாழ்க்கையில் நான் எடுத்த மடத்தனமான முடிவுகளில் அதற்குத்தான் முதல் பரிசு.

மூன்று கிழட்டு மாணவர்கள்

போன வாரம் இதே பத்திரிகையில் துரு தட்டிய கதையை எழுதியதும் எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் என்னை மடக்கினார். "துருவெல்லாம் போதும் லா, அண்ணே! வெல்டிங் எப்படிக் கத்துக்கிட்டீங்க, அதை எழுதுங்க. என் மகன் இப்பத்தான் சேர்ந்திருக்கான்" என்றார். அந்தப் பையனுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் செய்ததைச் செய்யாமல் இருந்தாலே அவன் பாதி வெல்டர்.

பட்டறையில் வெல்டர்கள் போதவில்லை என்று துரு தட்டும் கூட்டத்திலிருந்து மூன்று பேரைப் பொறுக்கினார்கள். நான், காதர், அப்புறம் எதற்கும் வாய் திறக்காத ஒரு சீன நண்பர். மூவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. எங்களுக்கு வாத்தியாராக வந்த ஜமில் என்னைவிடப் பத்து வயது இளையவன். மீசைகூடச் சரியாக முளைக்காத மலாய்க்காரன். ஆனால் இரும்பில் அவன் போட்ட தையல், மீன் செதிள் அடுக்கியது மாதிரி இருக்கும்.

முதல் நாள் அவன் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். "ஜாங்கான் தெங்ஙோ." பார்க்காதே என்று மலாயில் அர்த்தம். நெருப்பைப் பார்க்காதே. உன் நெருப்பையும் பார்க்காதே, பக்கத்தில் இருப்பவன் நெருப்பையும் பார்க்காதே. கறுப்புக் கண்ணாடி வழியாக மட்டும் பார்.

அடுத்து சட்டை. கழுத்துப் பட்டன் வரை போட வேண்டும், கையை மடித்துவிடக் கூடாது, கால்சட்டை அடியில் மடிப்பு இருக்கக் கூடாது. மடிப்பில் பொறி விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்து புகையும். நைலான் கூடாது, பருத்திதான். மழைத் தண்ணீரில் நின்று வேலை செய்யக் கூடாது, பலகை போட்டு நில். இத்தனையும் சிங்கப்பூர் வெயிலில். கழுத்துப் பட்டனைப் போட்டால் ஆவியில் வேகும் இட்லியின் கஷ்டம் புரியும். நான் எப்போதும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, இரண்டு பட்டனைக் கழற்றிவிட்டே வேலை செய்வேன். ஜமில் வந்து போட்டுவிட்டுப் போவான், அவன் தலை மறைந்ததும் கழற்றுவேன்.

பற்றவைப்பது தீக்குச்சி உரசுவது போலத்தான். வெல்டிங் குச்சியின் நுனியால் இரும்பை ஓர் இழுப்பு இழுத்து, உடனே லேசாகத் தூக்க வேண்டும். தூக்கத் தாமதித்தால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் தூக்கினால் அணைந்துவிடும். குச்சி எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் இடைவெளி. முதல் வாரம் முழுக்க நான் குச்சியை இரும்பில் ஒட்டவைத்துவிட்டு அதோடு மல்லுக்கட்டினேன். "இழுக்காதே, முறுக்கு" என்பான் ஜமில். பதற்றத்தில் முகமூடியைத் தூக்கினால் முதுகில் ஒன்று விழும்.

சரியாக வந்தால் காதுக்கே தெரியும். சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்க வேண்டும். பட்பட்டென்று வெடித்தால் தப்பு. அந்த அப்பளச் சத்தம் முதன்முதலாகக் கேட்ட அன்று நான் வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். "அப்ப நாளையிலேர்ந்து அப்பளம் நீயே பொரிச்சுக்க" என்றாள்.

சட்டைப் பையில் தீபாவளி

காதரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவன் கோபித்துக்கொள்வான். டன்லப் ஸ்திரீட்டில் அவன் வாப்பா கடை வைத்திருந்தார். கடையில் உட்காரப் பிடிக்காமல் கப்பல் பட்டறைக்கு வந்தவன் இவன். சிகரெட் இல்லாமல் இருக்கமாட்டான்.

பையில் தீப்பெட்டி வைக்காதே என்று ஜமில் பத்து தடவை சொல்லியிருந்தான். பதினோராவது தடவை சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஒரு பொறி எம்பி, வளைந்து, காதரின் சட்டைப் பைக்குள் விழுந்தது. உள்ளே இருந்த தீப்பெட்டி மொத்தமாகப் பற்றிக்கொண்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம். காதர் மாரில் அடித்துக்கொண்டு, "யா அல்லா, எனக்கு மட்டும் தீபாவளியா!" என்று கத்தியபடி ஓடிப் போய் மணல் குவியலில் குப்புற விழுந்தான்.

பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவன்தான் பட்டறையிலேயே ஒழுக்கமான வெல்டர். கழுத்துப் பட்டன், தோல் கையுறை, முகமூடி, ஒன்று குறையாது. பட்டவனுக்குத்தானே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். "மாப்ளே, மூஞ்சித் தொப்பியைப் போடுடா!"

"கண்ணைத்தான் மூடிக்கிறேனே!"

"மூடுறதுக்கு முந்தியும் திறந்ததுக்குப் பிந்தியும் யாருடா பாக்குறது?"

நியாயமான கேள்வி. எங்கே வைக்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் மூட முடியும். சில நேரம் கை முந்திக்கொள்ளும், சில நேரம் கண் அவசரப்பட்டுத் திறக்கும். முப்பத்திரண்டு பொட்டு வைத்தேன். அதில் பாதியையாவது நேருக்கு நேர் தரிசித்திருப்பேன்.

ஆனால் கண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மதியம் வீட்டுக்கு வந்து குளித்து, தலையில் தண்ணீர் படாமல் குளித்து, அத்தையின் மீன் குழம்பை ஒரு பிடி பிடித்தேன். ஜமில் சும்மா பூச்சாண்டி காட்டுகிறான் என்றுகூட நினைத்தேன்.

அத்தையின் ராகுகாலம்

இங்கேதான் விதி ராகுகாலத்தில் உட்கார்ந்திருந்தது.

பெண் வீட்டார் நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்களும் மூன்றரைக்கே தயார். என்னை வளர்த்தவள் என் அத்தை. அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமோ என்னவோ, ராகுகாலம் பார்க்கத் தெரியும். "ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு. பேச்சு முடியறதுக்குள்ள ராகு வந்துரும். ஆறு அடிச்சப்புறம்தான் படி இறங்கணும்" என்று சொல்லி, பெண் வீட்டுக்கும் அப்படியே ஆள் அனுப்பிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டால் உடனே தெரியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நாலு மணிக்குப் போயிருந்தால், நல்ல கண்ணோடு போய், நல்ல கண்ணோடு பார்த்து, நல்லபடியாகத் திரும்பியிருப்பேன்.

ஐந்து மணிக்குக் கண்ணில் ஒரு துளி மணல் விழுந்தது போல இருந்தது. ஐந்தரைக்கு ஒரு கைப்பிடி. ஆறு மணிக்குக் கடற்கரை மணல் முழுவதும் என் இமைக்கு அடியில்தான் இருந்தது. கண்ணீர் பொத்துக்கொண்டு ஊற்றியது. திறந்தால் ஊசி, மூடினால் மிளகாய்.

துணைக்கு வந்த காதர் என் முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு உங்க ஆளுங்கதானேடா சொல்லுவீங்க. நீ சூரியனையே கும்பிட்டுட்டு வந்து கண்ணைக் கெடுத்துக்கிட்டியே!"

"போக வேண்டாமா அத்தை?" என்றேன்.

"சொன்ன சொல் தவறினா இன்னொரு இடம் வராது. கண்ணை மூடிக்கிட்டே வா" என்றாள் அத்தை. கைக்குட்டையில் சாராயம் கலந்த ஓடிகொலோன் வாசனைத் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டி என் கண்ணில் ஒற்றினாள். குளிர்ச்சியாம்! நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடை டைலர் வெளியே வந்துவிட்டார். எதிர்வீட்டுப் பையா, குறித்துக்கொள்: கண் சுட்டால் கண்ணில் எதையும் ஊற்றாதே, தேய்க்காதே, நேராக டாக்டரிடம் போ.

காற்று படட்டும் என்று அத்தை என் சட்டையில் மேல் பட்டன் இரண்டையும் கழற்றிவிட்டாள். அவளை அறியாமல் அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"வாயை ஊதுங்க"

பெண்ணின் அப்பா நகராட்சி வேலைக்காரர்களுக்கு மண்டோர். மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளுக்கடைக்குப் போகிற ஆளைக் கண்டால் அவருக்கு ஆகாது. எத்தனையோ பேர் சம்பள நாளன்று சம்சு என்கிற மலிவுச் சாராயத்தில் மூழ்கிக் குடும்பத்தை அழித்ததைக் கண்ணால் பார்த்தவர். மாப்பிள்ளைக்கு அவர் வைத்த ஒரே நிபந்தனை, குடிக்கக் கூடாது.

அவர் வீட்டுக்கு நான் எப்படிப் போனேன்? ஒரு பக்கம் காதர், ஒரு பக்கம் அத்தை. இருவரும் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கண் செக்கச்செவேலென்று வீங்கி மூடியிருக்கிறது. கால் படியில் இடறுகிறது. போதாக்குறைக்குச் சட்டைப் பையில் ஓடிகொலோன் கைக்குட்டை. குருவிக்கூடு மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

உள்ளே பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"தம்பிக்குக் கண்ணுல என்ன?" மண்டோரின் குரல்.

"வெல்டிங் வெளிச்சம் பட்டுருச்சு, அண்ணே" என்றான் காதர்.

"எப்ப?"

"காலைல."

"காலைல பட்டதுக்கு இப்பவா கண்ணு சிவக்கும்? காலைல தின்ன தோசைக்குச் சாயங்காலமா வயித்து வலி வரும்?"

"வருமே, அண்ணே!" என்றான் காதர் அப்பாவியாக. "எங்க பட்டறையில எல்லாருக்கும் ஒரு தடவையாவது இப்படி வந்திருக்கு."

"அப்ப மொத்தப் பட்டறையும் குடிக்குதா?"

அத்தை ராகுகாலத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள், யாரும் கேட்கவில்லை.

மண்டோர் என் முகத்துக்கு அருகே வந்தார். "தம்பி, வாயை ஊதுங்க."

ஊதினேன். நியாயமாக மீன் குழம்பு வாசம்தான் வந்திருக்கும். ஆனால் பையிலிருந்த ஓடிகொலோன் அதையெல்லாம் அமுக்கிவிட்டது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"கொஞ்சம் நடங்க. நேரா, இந்தச் சிமெண்டுக் கோட்டு மேல."

கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல கண்ணிருந்தாலே நான் நேராக நடக்கிறவன் இல்லை. நாலு எட்டு வைத்தேன். முழங்கால் இரும்பில் இடித்தது. கை நீட்டியதில் ஏதோ ஒரு சக்கரம் சுழன்றது. "மெஷினைப் பிடிச்சுக்கங்க, விழ மாட்டீங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னது. தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவமானத்தில் காது சுட்டது. அழுதால்கூட யாருக்கும் தெரியாது, கண்ணீர் ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்தது. நான் உண்மையாகவே கொஞ்சம் அழுதேன்.

"கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார் மண்டோர் அத்தையிடம். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

முக்கோணம்

"அப்பா, ஒரு நிமிஷம்."

மறுபடி அதே குரல். அமிர்தம். நான் பார்க்க வந்த பெண். அந்த வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பது அவள்தான். நாள் முழுக்கக் கழுத்துப் பட்டியையும் கைப் பட்டியையும் பார்த்துப் பழகிய கண்.

"குடிச்சா கண்ணு சிவக்கும். கழுத்துல முக்கோணமா சிவக்குமா?"

மெஷின் பக்கமிருந்து அவள் குரல் என்னை நெருங்கி வந்தது.

"அவங்க கழுத்தைப் பாருங்கப்பா. ரெண்டு பட்டன் கழட்டுனா எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தோலு மட்டும் செம்பு மாதிரி வெந்திருக்கு. சட்டை மறைச்ச இடம் நல்லாத்தான் இருக்கு. எந்தச் சாராயம் பட்டன் பாத்து ஏறும்?"

மண்டோர் திரும்பி வந்தார். கட்டைவிரலால் என் கழுத்தில் அழுத்தினார். "ஆ!" என்று அலறினேன். என் கையைத் தூக்கி, சட்டைக் கையை மேலே தள்ளினார். கையுறை மூடிய இடம் ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம், நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு.

மண்டோர் என் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். அப்புறம், "கூலி வேலை பாக்குறவன் உடம்பு பொய் சொல்லாது" என்றார். "உட்காருங்க தம்பி. அமிர்தம், காபி கொண்டா."

காபி வந்தது. டம்ளர் என்று நினைத்துக் கேசரித் தட்டில் கை வைத்தேன். யாரோ சிரித்தார்கள். அந்தக் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தது காதர்தான், நீங்கள் வேறு கற்பனை செய்ய வேண்டாம்.

"பொண்ணைப் பாத்துக்கங்க தம்பி" என்றார் மண்டோர், பழக்கதோஷத்தில்.

நான் முகத்தைத் திருப்பிப் பல் தெரியச் சிரித்தேன். காதர் காதில் கிசுகிசுத்தான். "மாப்ளே, அது காலண்டரு. பொண்ணு இந்தப் பக்கம்."

"பிடிச்சிருக்கா?" என்று அத்தை கேட்டாள்.

"பிடிச்சிருக்கு."

"பாக்காமலேயாடா?"

"கேட்டேனே அத்தை, போதும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவள் எப்படி இருப்பாள் என்ற யோசனையே இல்லை. அத்தனை பேர் நடுவில் என் பக்கம் பேசிய குரல் அது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

எட்டும் உயரம்

கண் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி பெண்ணைப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சிராங்கூன் ரோட்டுக் கோயில் மண்டபத்தில், மாலை மாற்ற எழுந்து நின்றபோதுதான் அமிர்தத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

அண்ணாந்துதான் பார்த்தேன். என்னைவிட இரண்டு விரற்கடை உயரம்.

காதரைத் திரும்பி முறைத்தேன். "நீ கேக்கவே இல்லையேடா" என்றான் அந்தப் பாவி.

பிற்பாடு ஒரு நாள் அமிர்தம் சொன்னாள். "எனக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, ஒட்டகச்சிவிங்கின்னு வாசல்லயே பேசிட்டுப் போனாங்க. நீங்க வந்த அன்னைக்குத்தான் நான் ஒரு ஆம்பளையை நல்லா பாத்தேன். தலையிலேர்ந்து கால் வரைக்கும், அவசரமில்லாம. அன்னைக்குப் பொண்ணு பாத்தது நீங்க இல்ல. நான்தான் மாப்பிள்ளை பாத்தேன்."

"என்ன பாத்தே?"

"கழுத்துப் பட்டன் போடத் தெரியாத ஆளு, தலை சீவ மட்டும் தெரிஞ்ச ஆளுன்னு பாத்தேன்."

கல்யாணம் முடிந்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பினேன். புது மாப்பிள்ளை அல்லவா, குருவிக்கூடு முன்னைவிட இரண்டு அங்குலம் உயரம். வாசலில் வந்து நின்றாள். கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள். அப்புறம் ஐந்து விரலையும் என் தலைக்குள் விட்டு, கூட்டையும் குருவியையும் சேர்த்துக் கலைத்துவிட்டாள்.

"இப்பப் போங்க. தொப்பி மாட்ட மனசு வரும்."

நான் பட்டறையை விட்டு ஓய்வு பெறும் வரை ஒரு நாள்கூட அவள் அதைத் தவறவிடவில்லை. சண்டை போட்ட நாளில் கொஞ்சம் வேகமாகக் கலைப்பாள், அவ்வளவுதான். என்னைவிட உயரம் என்பதால் அவளுக்கு எட்டுவதில் கஷ்டமே இருந்ததில்லை. அப்புறம் என் கண்ணும் ஒரு நாள்கூடச் சுட்டதில்லை.

இப்போது கலைப்பதற்கு என் தலையில் ஒரு முடியும் கிடையாது. இந்தக் கட்டுரையைத் தபாலில் போடப் புறப்பட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் எழுந்து வந்து, என் கழுத்துப் பட்டனைச் சரிபார்த்து, மொட்டைத் தலையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "போயிட்டு வாங்க" என்கிறாள்.